கேபிளை எடுத்துவிடலாமா? கடலூர், புதுச்சேரி வீடுகளில் டிவியும் ஓடிடியும்

மஞ்சக்குப்பம் வாசகன்

கடலூர், புதுச்சேரி நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் கேபிள் இன்னும் இருக்கிறதா, பைபர் இன்டர்நெட் போட்டு முழுக்க ஓடிடி ஆப்புக்கு மாறிவிட்டீர்களா?

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கேபிளுக்கு மாதம் 280 ரூபாய். பைபர் 499, ஜிஎஸ்டியோடு 589. நெட்ஃபிளிக்ஸ் பேசிக் 199. பிரைம் ஆண்டுக்கு 1,499, ஜியோஹாட்ஸ்டாருக்கு 2025-ல் கட்டியது ஆண்டுக்கு 899. இரண்டையும் மாதத்துக்குப் பிரித்தால் 200. ஆக 1,270 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது இதே வீட்டில் இதே ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். இப்போது மாதம் ஆயிரம் தாண்டிக் கொடுத்தும் ஆளுக்கொரு அறையில் இருக்கிறோம்.

அம்மாவுக்குச் சீரியல், செய்தி. எனக்கு ஐபிஎல். மகளுக்குக் கொரியன் தொடர்கள். எதை எடுத்தாலும் ஒருவருக்குக் குறை. நிஜமாகவே யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை 08

நாங்கள் எடுத்துவிட்டோம் அண்ணே. வருத்தமே இல்லை. நினைத்த நேரத்துக்குப் பார்க்கலாம், பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். கேபிளில் அரை மணி நேர சீரியலில் பத்து நிமிடத்துக்கு மேல் விளம்பரமும் முன்கதையும் போய்விடுகிறது. உங்கள் அம்மா பார்க்கும் சீரியலும் ஆப்பில் இருக்கத்தானே செய்கிறது? டிவியிலேயே ஆப்பைப் போட்டுக் கொடுங்கள், பழகிவிடுவார்.

பாகூர் ஏரிக்கரை

தம்பி, பழகிவிடுவார் என்று சொல்வது சுலபம். எங்கள் மாமியாருக்கு 70 வயது தாண்டிவிட்டது. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் எந்த எண்ணை அமுக்கினால் எந்த சேனல் என்பது விரலிலேயே இருக்கிறது. கண்ணாடி இல்லாமலேயே போட்டுவிடுவார். ஸ்மார்ட் டிவி வாங்கி ஆப் போட்டுக் கொடுத்தோம். முதலில் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டு நான்கு படம் காட்டுகிறது. அடுத்து புதுப் படம், கிரிக்கெட், இங்கிலீஷ் தொடர் என்று வரிசை வரிசையாக ஓடுகிறது. அவர் பார்க்கும் சீரியல் அதில் எங்கேயோ கீழே கிடக்கிறது. ஒருநாள் தானாக லாக்அவுட் ஆகிவிட்டது. திரும்ப உள்ளே போக ஓடிபி வேண்டும்; அது பெங்களூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போனுக்குப் போகிறது. அவர் மீட்டிங்கில் இருந்தார். மாமியார் அன்று சாயங்காலம் முழுக்கக் கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

என் பிள்ளைகளுக்கு ஆப் நல்லதுதான், மறுக்கவில்லை. வயது வரம்பு போட்டு பின் நம்பர் வைத்துப் பூட்ட முடிகிறது. 2021-ல் வந்த விதிகளுக்குப் பிறகு 7+, 13+, 16+ என்று படத்துக்குப் படம் போடுகிறார்கள். டிவியில் ராத்திரி செய்தியில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேபிளை எடுக்காதீர்கள். என் அனுபவம் இதுதான்.

நெய்வேலி நைட் ஷிப்ட்

ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்கு ஓடிடி வரப்பிரசாதம். எல்லோரும் எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்காரும்போது நான் சுரங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். எத்தனையோ வருஷம் எந்தத் தொடரையும் முழுசாகப் பார்த்ததில்லை. இப்போது காலையில் வந்து குளித்துவிட்டு ஒரு எபிசோடு பார்த்துத் தூங்குகிறேன். நேரத்துக்கு ஆள் போன காலம் போய் ஆளுக்கு நேரம் வந்திருக்கிறது. இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

திருப்பாப்புலியூர் கேபிள்

வணக்கம். நான் 90-களின் தொடக்கத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். கேபிள்காரன் தரப்பு என்று ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் ஆரம்பித்தபோது மொட்டைமாடியில் பெரிய டிஷ், கீழே ஒரு சின்ன கண்ட்ரோல் ரூம், ஒரு விசிஆர். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. முதலில் நாளுக்குச் சில மணி நேரம்தான் ஒளிபரப்பு. அதற்கே தெருவில் இணைப்புக் கேட்டு வரிசை நின்றது. அடுத்து ராஜ், விஜய், ஜெயா என்று ஒவ்வொன்றாக வந்தன. அதுவரை மெட்ராஸ் தூர்தர்ஷன் மட்டும்தான். பூஸ்டர் வைத்து ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பிடித்த படம்.

இப்போது எங்கள் வேலை எப்படி இருக்கிறது தெரியுமா? கடற்கரை ஊரில் உப்புக் காற்று பெரிய எதிரி. தேவனாம்பட்டினம் பக்கம் போட்ட கனெக்டர் ஒரு மழைக்காலம் தாங்காது, உள்ளே பச்சை பூத்துவிடும். படம் கட்டம் கட்டமாக உடையும். ஏணி போட்டு ஏறி, டேப்பைப் பிரித்து, ஒயரின் நுனியை வெட்டி, புது கனெக்டர் அடித்து, மறுபடி டேப் சுற்ற வேண்டும். ஆம்ப்ளிபையருக்குக் கரண்ட் யார் வீட்டிலிருந்தாவது எடுத்திருப்போம். அவர்கள் வீடு பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் அந்தத் தெரு முழுக்கப் படம் போய்விடும். இதற்கெல்லாம் தனிக்கட்டணம் யாரும் தருவதில்லை.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புது விதி வந்தது. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டண சேனலுக்குத் தனித்தனி விலை. நினைத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நடந்தது என்ன? தனித்தனியாக எடுத்தால் விலை ஏறும், கட்டாக எடுத்தால் குறையும் என்று சேனல்காரர்கள் விலையை அமைத்தார்கள். பார்க்காத சேனலுக்கும் ஜனங்கள் காசு கொடுத்தார்கள். அப்போது ‘ஏன் ஏறிச்சு’ என்று கேட்டு வாசலில் நின்று திட்டு வாங்கியது நாங்கள். விலையை நிர்ணயித்தவர் யாரும் திருப்பாப்புலியூருக்கு வந்து நிற்கவில்லை.

இன்னொன்று. இப்போது எல்லாம் ப்ரீபெய்டு. எங்களுக்குச் சிக்னல் தரும் பெரிய நிறுவனமான எம்எஸ்ஓவுக்கு முன்கூட்டியே வாலட்டில் பணம் போட்டால்தான் பாக்ஸ் ஓடும். ஆனால் வீடுகளில் பத்தாம் தேதி, சம்பளம் வரட்டும், அடுத்த வாரம் வாங்க என்பார்கள். நடுவில் நிற்கும் கடன் எங்கள் தலையில். கட் பண்ணினால் மறுநாள் ஆளே மாறிவிடுவார். கட் பண்ணாமல் விட்டால் நஷ்டம். இப்படித்தான் போன சில வருஷத்தில் எங்கள் ஏரியாவில் மட்டும் பாதிக்கு மேல் இணைப்பு போய்விட்டது. உடன் இருந்த இரண்டு பையன்களை அனுப்பிவிட்டேன். ஒருவர் சிப்காட்டில் சேர்ந்துவிட்டார்.

அதனால் மஞ்சக்குப்பம் நண்பரே, எடுப்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம். எடுத்தால் செட்டாப் பாக்ஸை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். அது நிறைய பேர் வீட்டில் பரணில் கிடக்கிறது. அந்தப் பாக்ஸுக்கு நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லாஸ்பேட்டை 08

அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் தொழில்நுட்பம் மாறும்போது இது நடக்கத்தானே செய்யும்? கேபிள் வந்தபோது வீடியோ கேசட் கடைகள் மூடவில்லையா?

நெல்லித்தோப்பு

தம்பி, கேசட் கடை உதாரணம் இங்கே பொருந்தாது. கேசட் கடையை மூட வைத்தவர் வேறு ஆள். இங்கே டிவியை மூட வைப்பவர் டிவிக்காரரேதான். எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது இது ஒன்றுதான், பொறுமையாகப் படியுங்கள்.

சன் டிவி யாருடையது? சன் நெக்ஸ்ட் யாருடையது? ஜீ தமிழுக்கு ஜீ5. விஜய் டிவிக்கு முதலில் ஹாட்ஸ்டார், இப்போது ஜியோஹாட்ஸ்டார். ஒரே முதலாளி தெருவின் இரண்டு பக்கமும் கடை போட்டிருக்கிறார். நாம் எந்தக் கடையில் நுழைந்தாலும் பணம் ஒரே கல்லாவுக்குத்தான் போகிறது. அப்படியிருக்க இதை டிவிக்கும் ஓடிடிக்கும் போட்டி என்று பேசுவதில் பாதிதான் உண்மை.

போட்டி நிஜமாக எங்கே இருந்தது? 2022 ஜூனில் ஐபிஎல் உரிமை ஏலத்தில் இருந்தது. 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுக்கு டிவி உரிமையை டிஸ்னி ஸ்டார் 23,575 கோடிக்கு எடுத்தது. டிஜிட்டல் உரிமையை ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்18 23,758 கோடிக்கு எடுத்தது. டிவியைவிட டிஜிட்டல் அதிக விலைக்குப் போனது அதுதான் முதல்முறை. 2023-ல் ஜியோசினிமாவில் ஐபிஎல் முழுக்க இலவசம். இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்ததாக அவர்களே அறிவித்தார்கள். அந்த இரண்டு சீசனும் நாமெல்லாம் போனில் காசில்லாமல் பார்த்தோம். இரண்டு பேர் முட்டிக்கொண்டதில் நமக்கு லாபம்.

2024 நவம்பரில் அந்த இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. அந்த மாதமே கட்டணப் பட்டியலும் வந்தது: போனில் மட்டும் என்றால் மூன்று மாதத்துக்கு 149, டிவியிலும் வேண்டும் என்றால் 299. அடுத்த ஐபிஎல்லில் கொஞ்ச நேரம் இலவசம், அதற்கு மேல் சந்தா அல்லது குறிப்பிட்ட ரீசார்ஜ். இலவசம் எதற்காகக் கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் நிறைய பேருக்குப் புரிந்தது.

இன்னொரு பக்கம் பாருங்கள். சீரியலின் இன்றைய எபிசோடு டிவியில் ராத்திரி வரும். சந்தா கட்டியவருக்கு ஆப்பில் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எந்த சேனலாவது தன் சொந்த ஒளிபரப்பைத் தானே பழசாக்குமா? ஆக்குகிறார்கள். ஏனென்றால் கேபிள் வழியாக வரும் பணத்தில் கேபிள்காரருக்குப் பங்கு, எம்எஸ்ஓவுக்குப் பங்கு உண்டு. ஆப் வழியாக வருவதில் அந்தப் பங்கு இல்லை. அதோடு நீங்கள் யார், எதைப் பார்த்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்பதும் அவர்கள் கைக்குப் போகிறது. கேபிளில் அது போகாது. மாதிரிக்குச் சில வீடுகளில் கருவி வைத்து பார்க் (BARC) நிறுவனம் எடுக்கும் கணக்குதான் ரேட்டிங்.

ஆகவே இதில் தோற்பவர்கள் இரண்டே பேர். ஒன்று, மேலே எழுதியிருக்கிறாரே திருப்பாப்புலியூர் அண்ணன், அவரைப் போன்றவர்கள். இரண்டு, இரண்டு கடையிலும் காசு கொடுக்க முடியாத வீடு.

காந்தி வீதி கடை

நெல்லித்தோப்பு சொன்னதில் விளம்பரம் பற்றிய விஷயம் விட்டுப்போய்விட்டது, நான் சேர்க்கிறேன். எங்களுடையது ஜவுளிக்கடை. முன்பெல்லாம் தீபாவளி, ஆடித் தள்ளுபடி என்றால் உள்ளூர் கேபிள் சேனலில் ஸ்க்ரோல் போடுவோம், சின்னதாக வீடியோவும் எடுத்துக் கொடுப்போம். அரியாங்குப்பத்திலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் ஆட்கள் ‘டிவியில பாத்தோம்’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இப்போது விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி யூடியூப், இன்ஸ்டாகிராமுக்குப் போகிறது. ஊர் எல்லைக்குள் மட்டும் காட்டு என்று சொல்ல முடிகிறது, அதனால் பயன் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. முன்பு அதே பணத்தில் உள்ளூர் சேனலில் நான்கைந்து பேர் சம்பளம் வாங்கினார்கள். கேமரா பிடிக்கிற பையன், எடிட்டிங் பண்ணுகிற பெண், செய்தி வாசிக்கிறவர்.

ஆடி ஐந்தாம் வெள்ளிக்கு வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேரை நேரலையில் காட்டியவர்கள் அவர்கள்தான். பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் பிடிக்கிற தேர் அது. எந்தப் பெரிய ஓடிடிக்காவது அது கண்ணில் படுமா?

லாஸ்பேட்டை 08

அந்தத் தேர் இப்போது யூடியூபிலும் நேரலை வருகிறதே சார். வெளிநாட்டில் இருப்பவர்கள்கூடப் பார்க்கிறார்கள். கேபிளில் அது முடியாது.

காந்தி வீதி கடை

உண்மைதான் தம்பி. அதைக் காட்டுபவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அதே கேபிள் சேனலின் கேமராதான். கேபிள் வருமானம் நின்றால் அந்தக் கேமராவும் நிற்கும் என்பதுதான் என் கவலை.

துய்மா வீதி

புதுச்சேரியில் ஒரு சின்னக் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் சில இன்னும் டிவி5மோந்த் சேனலைப் பார்க்கின்றன. என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சாயங்காலச் செய்தியை அந்த மொழியில் கேட்டால்தான் அவருக்கு நாள் முடியும். பேக்கேஜ் மாறும்போதெல்லாம் அந்த சேனல் வரிசையிலிருந்து காணாமல் போகும். சொல்லிச் சொல்லித் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. 2020-ல் அவர்களே டிவி5மோந்த்பிளஸ் என்று இலவச ஆப் ஆரம்பித்தார்கள். இப்போது டேப்லெட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். சின்ன எண்ணிக்கையில் இருப்பவர்களுக்கு ஓடிடி நல்லது செய்திருக்கிறது என்பதற்கு எங்கள் வீடு சாட்சி. நூறு வீட்டுக்கு ஒரு வீடு பார்க்கும் சேனலைக் கேபிளில் வைத்திருக்க யாருக்கும் மனசு வராது.

தேவனாம்பட்டினம்

புயல் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்களுக்கு டிவி என்றால் முதலில் அதுதான்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் போஸ்ட் எல்லாம் சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, போன் டவரும் இல்லை. பேட்டரி போட்ட ரேடியோ ஒன்றுதான் பேசியது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி, ஒரே நாளில் அங்கே 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்புறம் தென்பெண்ணையில் தண்ணீர் வந்து கடலூரும் மிதந்தது. அன்றைக்கும் போனில் எதுவும் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர ஓடவில்லை.

ஓடிடியில் நாமாகத் தேடிப் போனால்தான் புயல் செய்தி. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே எச்சரிக்கை ஓடாது. டிவியில் எந்தச் செய்தி சேனலைத் திருப்பினாலும் ஓடும். எங்கள் வீட்டு இளவட்டங்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் காதில் மாட்டிக்கொண்டு தொடர் பார்க்கிறார்கள், வெளியே ஒலிபெருக்கியில் அறிவிப்பது காதில் விழுவதில்லை. கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கையை ஆகாசவாணி புதுச்சேரியில் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நிலையம் 1967-லிருந்து இருக்கிறது. டிவி இருக்கட்டும், ஓடிடி இருக்கட்டும், அந்த ரேடியோவை மட்டும் யாரும் கைவிட்டுவிடக் கூடாது.

மஞ்சக்குப்பம் வாசகன்

ஐயா, நீங்கள் சொன்னது மனதில் பதிந்தது. தானே புயல் வந்த சமயம் நானும் இங்கேதான் இருந்தேன். ஆனால் கரண்ட் போனால் கேபிளும் போய்விடுகிறதே? அந்தக் கணக்கில் கேபிளும் ஓடிடியும் ஒன்றுதானே?

தேவனாம்பட்டினம்

கரண்ட் போவதற்கு முன்னால் ஒன்றரை நாள் இருக்கிறது தம்பி. படகை மேலே ஏற்றவும் வலையை எடுத்து வைக்கவும் அந்த நேரம்தான். அப்போது எல்லாரும் ஒரே செய்தியைக் கேட்க வேண்டும். ஆளுக்கொன்று பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும்?

நெய்வேலி நைட் ஷிப்ட்

இதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சரியான பேச்சு.

பாகூர் ஏரிக்கரை

டிடி ஃப்ரீ டிஷ் பற்றி யாராவது சொல்லுங்களேன். எங்கள் ஊரில் கூரை வீடுகளிலும் சிலர் அந்த டிஷ் வைத்திருக்கிறார்கள். மாதக் கட்டணமே இல்லை என்கிறார்கள்.

நெல்லித்தோப்பு

ஆமாம் அம்மா. 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது, பிரசார் பாரதி நடத்துவது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஆனால் பெரிய தமிழ்ப் பொழுதுபோக்கு சேனல்கள் அதில் கிடையாது. டிடி தமிழ் வரும். பொதிகை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததுதான், 2024 ஜனவரியில் பெயரை மாற்றினார்கள். இந்தி பேசும் ஊர்களில் ஃப்ரீ டிஷ் பெரிய அளவில் ஓடுவதற்கு அங்கே இந்தி சேனல்கள் நிறைய இருப்பது காரணம். தமிழுக்கு அந்த அளவு இருந்திருந்தால் இந்த இழையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

கிரிக்கெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. 2007-ல் ஒரு சட்டம் வந்தது. இந்தியா ஆடும் ஒருநாள், டி20 போன்ற முக்கியமான ஆட்டங்களை யார் உரிமை வாங்கியிருந்தாலும் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். 2017-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், அப்படிப் பகிர்ந்த நேரலையைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் போகக் கூடாது. அதனால்தான் அதே ஆட்டம் ஃப்ரீ டிஷ் வீட்டில் தெரியும், கேபிள் வீட்டு டிடி ஸ்போர்ட்ஸில் தெரியாது. ஐபிஎல் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஏழை வீட்டுப் பிள்ளை இந்தியா ஆடுவதைப் பார்க்க இந்தச் சட்டம் வழி செய்கிறது, சென்னை ஆடுவதைப் பார்க்க வழி செய்யவில்லை.

திருப்பாப்புலியூர் கேபிள்

இதற்காக எங்களிடம் எத்தனை பேர் சண்டை போட்டிருக்கிறார்கள்! ‘பக்கத்து வீட்டுக் குட்டி டிஷ்ஷில் மேட்ச் ஓடுது, உன் கேபிளில் ஏன் ஓடலை’ என்று. நீதிமன்ற உத்தரவு என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. எழுதியதற்கு நன்றி சார், இதை அப்படியே காட்டுகிறேன்.

லாஸ்பேட்டை 08

நெல்லித்தோப்பு சாரின் வாதத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள முடியவில்லை. டிவிக்கும் ஓடிடிக்கும் ஒரே முதலாளி என்கிறீர்கள். நெட்ஃபிளிக்ஸும் பிரைமும் டிவி வைத்திருப்பவர்கள் இல்லையே? 2016-ல் அவர்கள் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் தமிழிலும் சீரியல் அல்லாத தொடர் என்று ஒன்று பிறந்தது. மாமியார் மருமகள் சண்டையைத் தாண்டிப் போலீஸ் கதை, கிராமத்துக் கதை, பெண்கள் தனியாக வாழும் கதை எல்லாம் எட்டு எபிசோடில் முடியும்படி வந்தது. ஆயிரம் எபிசோடு இழுக்கத் தேவையில்லை. எழுதுபவர்களுக்கும் நடிப்பவர்களுக்கும் புதுக் கதவு திறந்தது. அதைப் பேசாமல் போவது நியாயமில்லை.

நெல்லித்தோப்பு

நியாயமான கேள்வி. அந்தக் கதவு திறந்தது உண்மைதான். நானும் அந்தத் தொடர்களை விரும்பிப் பார்க்கிறவன். ஆனால் அந்தக் கதவை யார் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2020-ல் தியேட்டர் மூடியிருந்தபோது தமிழ்ப் படங்களை நேரடியாக ஆப்பில் வெளியிட்டார்கள். அதன் பிறகு சில வருஷம் எந்தப் படத்தையும் வாங்கினார்கள். இப்போது தேர்ந்தெடுத்துத்தான் வாங்குகிறார்கள், சின்னப் படங்கள் வாங்க ஆளில்லாமல் நிற்கின்றன. டிவிக்காரரும் விலையைக் குறைத்துவிட்டார். ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ என்று தீபாவளிக்குக் குரல் கேட்டதும் தெருவே வீட்டுக்குள் போன காலம் உண்டு. நான்கு வாரத்தில் ஆப்பில் வந்துவிட்ட படத்துக்கு அந்தக் குரலால் யாரையும் கூப்பிட முடியாது. சேனல் எதற்குப் பெரிய விலை கொடுக்கும்?

விளம்பரம் இல்லாமல் பார்க்கலாம் என்றுதான் அவர்களும் வந்தார்கள். 2025 ஜூனிலிருந்து பிரைமிலும் விளம்பரம். வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இன்னும் 699 கட்ட வேண்டும். 1,499-உம் கொடுத்து விளம்பரமும் பார்ப்பதற்கும், கேபிளுக்கு 280 கொடுத்து விளம்பரம் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மஞ்சக்குப்பம் வாசகன்

அப்படியானால் இந்த விலைகளைக் கேட்க ஆள் யாருமே இல்லையா? கேபிளுக்கு டிராய் இருக்கிறது. ஆப்புக்கு?

நெல்லித்தோப்பு

அங்கேதான் பெரிய ஓட்டை. ஒரு கட்டண சேனல் பேக்கேஜுக்குள் இருக்க வேண்டும் என்றால் அதன் விலை 19 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று டிராய் 2022 நவம்பரில் சொன்னது. அதே சேனலின் அதே நிகழ்ச்சியை ஆப்பில் என்ன விலைக்கும் விற்கலாம். அதற்கு வரம்பு கிடையாது. கேபிளின் 130 ரூபாய் அடிப்படைக் கட்டண உச்சவரம்பையும் 2024 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், போட்டி பார்த்துக்கொள்ளும் என்று. 2023 நவம்பரில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை மசோதா என்று ஒரு வரைவு வந்தது, ஓடிடியும் அதற்குள் வந்தது. ஆனால் அது உள்ளடக்கத்தை யார் கண்காணிப்பது என்ற சண்டையில் மாட்டிக்கொண்டது. யூடியூபில் பேசுபவர்களையும் உள்ளே இழுக்கிறார்கள் என்று எதிர்ப்பு வந்ததும் 2024 ஆகஸ்டில் புது வரைவு வரும் என்று சொல்லிவிட்டார்கள். கருத்துச் சொல்பவர் வாயைக் கட்டுவது எனக்கும் வேண்டாம். ஆனால் விலை, சந்தாவை ரத்து செய்யும் உரிமை, புயல் எச்சரிக்கையைக் கட்டாயம் காட்டுவது, இந்த மூன்றையும் கேட்பதற்கு வாயைக் கட்ட வேண்டியதில்லை. அதைத் தனியாகவே செய்யலாம்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: கேபிளை வைத்துக்கொள்ளுங்கள், மூன்று ஆப்பில் இரண்டை நிறுத்துங்கள். ஐபிஎல் நடக்கும் மாதங்களில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழைக் கேபிளில் சேர்த்துக்கொண்டால் போதும். மகளுக்கு ஒரு ஆப், அதுவும் மாதாமாதம் கட்டுவது. ஆண்டுச் சந்தா கட்டிவிட்டால் பார்க்காவிட்டாலும் பணம் போகும்.

லாஸ்பேட்டை 08

மாதாமாதம் கட்டுவதாக இருந்தால் ஆட்டோபேயை நிறுத்திவிடுங்கள் அண்ணே. யூபிஐ ஆப்பிலேயே ‘மேண்டேட்’ என்று இருக்கும், அங்கே போய் ரத்து செய்யலாம். ஓடிடி ஆப்புக்குள் தேடினால் கண்ணில் படாது.

மஞ்சக்குப்பம் வாசகன்

இது உடனே செய்யக்கூடியது, நன்றி தம்பி. திருப்பாப்புலியூர் அண்ணே, பைபரையும் கேபிளையும் நீங்களே ஒன்றாகத் தருவதாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஒயரில் வருமா? விலை எப்படி?

திருப்பாப்புலியூர் கேபிள்

வரும். ஒரே பைபரில் நெட்டும் டிவியும் தனித்தனி அலைநீளத்தில் வரும், வீட்டில் ஒரு சின்னப் பெட்டி இரண்டையும் பிரித்துக் கொடுக்கும். ஒளி போகிற கண்ணாடி இழை என்பதால் உப்புக் காற்றில் துரு பிரச்சினையும் இல்லை, நடுவில் ஆம்ப்ளிபையரும் தேவையில்லை. உங்கள் அம்மாவின் ரிமோட்டும் பாக்ஸும் அப்படியே இருக்கும், சேனல் எண்ணும் மாறாது. இரண்டும் சேர்த்து இப்போது நீங்கள் கொடுப்பதைவிடக் குறைவாகவே வரும். லாரன்ஸ் ரோடு வரைக்கும் இழுத்து முடித்துவிட்டோம். மஞ்சக்குப்பத்தில் உங்கள் தெரு எது என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். போஸ்ட்டிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுத்தான் சரியான தொகையைச் சொல்ல முடியும்.